ஆனந்த் சோளம்

மரிய ஆனந்த் ஆடி மாதத்தில் இறந்துபோனான். நோய்நொடி என்று ஒன்றும் இல்லை. காலையில் சாப்பிட்டுவிட்டுப் பள்ளத்தூரிலிருந்து பைக்கில் ஆராய்ச்சிப் பண்ணைக்குக் கிளம்பியவன், பாதி வழியில் வண்டியை ஓரமாக ஸ்டாண்டு போட்டு நிறுத்தி, ஹெல்மெட்டைக் கழற்றி மாட்டிவிட்டு, ஒரு புளியமரத்தடியில் உட்கார்ந்திருக்கிறான். யாரோ போன் பேச உட்கார்ந்திருக்கிறார் என்று நினைத்து, ஒரு பால்காரர் போகும்போதும் வரும்போதும் அவனைக் கடந்து போயிருக்கிறார். அவன் மனைவி ஜெரினாவுக்கும் அதே பண்ணையில்தான் வேலை. கேஸ் சிலிண்டர் வரவேண்டியிருந்ததால் அன்றைக்கு அவள் மட்டும் பிறகு பஸ்ஸில் வருவதாகச் சொல்லி வீட்டில் தங்கியிருந்தாள்.

சிலிண்டர் வந்து, அதை மாட்டி, பால் காய்ச்சிக்கொண்டிருக்கும்போது போன் வந்தது. அடுப்பை அணைத்துவிட்டுத்தான் எடுத்தாள். சொன்னதையெல்லாம் கேட்டாள். கேட்டு முடித்ததும் திரும்ப அடுப்பைப் பற்றவைத்து, பால் பொங்கும்வரை நின்று இறக்கிவைத்தாள். அப்படியே விட்டால் திரிந்துவிடும் என்று தோன்றியது. அதற்குப் பிறகுதான் பின்கட்டில் துணி அலசிக்கொண்டிருந்த மாமியாரைக் கூப்பிட்டாள்.

அடக்கத்தன்று அவளுக்கு அழுகை வரவில்லை. முப்பதாம் நாள் பூசையிலும் வரவில்லை. சொந்தக்காரப் பெண்கள் முதலில் அதிர்ச்சி என்றார்கள், பிறகு கல் மாதிரி இருக்கிறாள் என்றார்கள். இரண்டாவது சொன்னது அவள் காதில் விழுந்தது. கோபம் வரவில்லை, சரியாகத்தான் சொல்கிறார்கள் என்றுகூடப் பட்டது. பல் பிடுங்குவதற்கு முன்னால் ஊசி போடுவார்களே, அப்போது கன்னத்தைத் தொட்டால் தொடுவது தெரியும், ஆனால் அது நம் கன்னமாக இருக்காது. அவளுக்கு உடம்பு முழுக்க அப்படி இருந்தது. தலை வாரினாள், சாப்பிட்டாள், தூக்கமும் வந்தது. எல்லாம் வேறு யாருக்கோ நடப்பதுபோல் நடந்தது.

பண்ணையில் ஆனந்த் சோளத்தில் புது ரகம் உண்டாக்குகிறவன். அவன் உண்டாக்கியதைப் பூச்சி தின்கிறதா, தின்றால் செடி தாங்குகிறதா என்று பார்ப்பது ஜெரினாவின் வேலை. அவள் பார்த்தது பெரும்பாலும் அசுவினி. ஊரில் அதைப் பேன் என்பார்கள். கடுகுக்கும் சின்னதாக, மஞ்சளாக இருக்கும். சோளத்தோகையின் அடிப்பக்கத்தில் கூட்டமாக ஒட்டிக்கொண்டு சாற்றை உறிஞ்சும். அது கழிக்கிற இனிப்பு நீர் கீழ்த்தோகைகளில் சொட்டிப் பிசுபிசுவென்று மினுங்கும். அதன்மேல் கரும்பூஞ்சை படர்ந்தால் செடியே கரி பூசியதுபோல் ஆகிவிடும்.

மருந்து அடிக்காமலேயே அசுவினியைத் தாங்குகிற சோளம் ஒன்று வேண்டும் என்று ஆனந்த் பல வருஷம் பாடுபட்டான். கடைசியில் ஒன்று தேறியது. கதிர் பெரிது, மாடு தின்கிற தட்டை இனிப்பு, மழை கொஞ்சம் ஏமாற்றினாலும் நிற்கும். வயலில் அதற்குப் பதினேழு என்று எண். போன வருஷச் சோதனையில் அசுவினி அதில் ஏறவே இல்லை. அந்த வருஷம் மழை விடாமல் பெய்து, எல்லாச் செடியிலிருந்தும் அசுவினியை அடித்துக்கொண்டு போனது வேறு விஷயம். இன்னும் ஒரு பருவம் பார்த்துவிட்டு ரகத்தை வெளியிடலாம் என்று பேசிவைத்திருந்தார்கள். அதற்குள் அவன் போய்விட்டான்.

பண்ணையின் பொறுப்பாளர் ஞானசேகர் துக்கத்துக்கு வந்தபோது ஆனந்தின் தாயார் செபஸ்தியம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்க மகன் பேரையே அந்தச் சோளத்துக்கு வைக்கச் சொல்லி எழுதுறேம்மா. இது என் பொறுப்பு" என்றார். செபஸ்தியம்மாள் அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்தாள். கோயிலில், ரேஷன் கடையில், பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர்களிடம் எல்லாம் சொன்னாள். "ஆனந்த் சோளம்னு வரப்போகுது. எம்மகன் கண்டுபிடிச்சது."

புரட்டாசியில் விதைப்பு. ஜெரினா வேலைக்குத் திரும்பியிருந்தாள். செடி வளர்ந்ததும், வலைக்கூண்டுக்குள் அசுவினி வளர்த்து, அது நிறைந்த தோகையைத் துண்டு துண்டாக நறுக்கி, ஒவ்வொரு செடியின் குருத்தடியிலும் செருகிவைக்க வேண்டும். எல்லா ரகத்துக்கும் பூச்சி சமமாகப் போய்ச் சேர்ந்தால்தான் எது தாங்குகிறது என்று தெரியும். கூட வேலை பார்த்த அக்கம்மாள் பதினேழாம் வரிசைக்கு வந்ததும் நின்றுவிட்டாள்.

"சாரு செடியில மட்டும் கொஞ்சம் கொறச்சு வைங்களேம்மா."

"எல்லாத்துக்கும் ஒரே அளவுதான்க்கா."

"இல்ல, மனசு கேக்கல. அதான் சொன்னேன்."

ஜெரினா தன் மனசைக் கேட்டுப் பார்த்தாள். அங்கே சத்தம் ஒன்றும் இல்லை. அடுத்த துண்டை எடுத்துச் செருகினாள்.

கார்த்திகை நடுவில் மழை விட்டது. அதிலிருந்து காலைப் பனியும் பகலில் சுள்ளென்ற வெயிலுமாக அசுவினிக்கு வாகான நாட்கள் வந்தன. பதினேழாம் வரிசை முதலில் மினுங்கியது. பிறகு கீழ்த்தோகைகள் கறுத்தன, நடுத்தோகைகள் மஞ்சளித்துச் சுருண்டன. கதிர் வெளியே வரமுடியாமல் தொண்டையில் சிக்கியதுபோல் நின்றது. எறும்புகள் தட்டையில் சாரிசாரியாக ஏறி இறங்கின. அதை ஒட்டியிருந்த வரிசையில் ஒரு பழைய நாட்டுச் சோளம், சின்னக் கதிரும் மெலிந்த தோகையுமாக இருப்பது, பச்சை மாறாமல் நின்றது. அதன் தோகையிலும் அசுவினி இருந்தது. ஆனால் அங்கொன்றும் இங்கொன்றுமாக, குடும்பம் பெருக்க முடியாமல்.

ஜெரினா தோகையைத் திருப்பிப் பார்த்து, பதினேழுக்கு நேரே எவ்வளவு மோசமான மதிப்பெண் போட முடியுமோ அதைப் போட்டாள். பதினெட்டுக்குப் போனாள்.

மறுநாள் ஞானசேகர் வயலுக்கு வந்தார். வரிசையின் இந்தத் தலையிலிருந்து அந்தத் தலைவரை மெதுவாக நடந்தார். அவரும் ஆனந்தும் பல வருஷம் ஒரே மேஜையில் ஒருத்தர் டப்பாவிலிருந்து ஒருத்தர் எடுத்துச் சாப்பிட்டவர்கள். திரும்பி வந்தபோது கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஜெரினா, இந்த வருஷம் பூச்சி ஒரே சீராப் பரவலைன்னு எழுதிரலாம். சில நேரம் அப்படி ஆகத்தானே செய்யுது? இந்தப் பருவத்தையே கணக்குல சேர்க்க வேணாம். போன வருஷ முடிவை வச்சு ரகத்தை அனுப்பிருவோம்."

"சரி சார்."

"உனக்கு ஒண்ணும் வருத்தம் இல்லையே?"

"இல்ல சார்."

அது உண்மை. வயலையே கொளுத்திவிடலாமா என்று அவர் கேட்டிருந்தாலும் அவள் சரி என்றுதான் சொல்லியிருப்பாள்.

கிறிஸ்துமஸ் வந்தது. துக்க வீடு என்பதால் வாசலில் ஸ்டார் கட்டவில்லை. பாட்டுப் பாடி வருகிற கோயில் பிள்ளைகள் இவர்கள் வீடு வந்ததும் டிரம்மை நிறுத்திவிட்டுச் சத்தமில்லாமல் கடந்து போய், இரண்டு வீடு தள்ளி மறுபடி ஆரம்பித்தார்கள். செபஸ்தியம்மாள் சோற்றைப் பிசைந்தபடி கேட்டாள்.

"ரகம் வெளியிடும்போது பேப்பர்ல போடுவாகளா?"

"தெரியல அத்தை."

"போட்டோ கேட்டா அந்தக் கல்யாணப் போட்டோ வேணாம். பொங்கலுக்கு எடுத்தோமே, சிரிச்ச மாதிரி, அதைக் குடு."

"சரி அத்தை."

வருஷம் பிறந்த பிறகு ஒரு நாள் பண்ணை வாசலில் யாரோ அவளைத் தேடி வந்திருப்பதாகச் சொன்னார்கள். ஒக்கூர் அல்லாபிச்சை. ஆனந்துக்கு வேண்டிய விவசாயி, நாலைந்து மாடு வைத்திருப்பவர். அவர் நிலத்தில் எப்படி வருகிறது பார்க்கலாம் என்று ஆனந்த் சாவதற்கு முன்னால் பதினேழில் ஒரு பை விதை கொடுத்திருந்தான். ஜெரினாவுக்கு அது அவர் சொல்லித்தான் தெரிந்தது. இரண்டு பஸ் மாறி வந்திருந்தார். கையில் பேப்பரில் சுற்றிய சோளத்தோகை.

"முந்தியே வந்திருக்கணும்மா. தம்பி மௌத்தான வீட்டு ஆளுககிட்ட இதைக் கொண்டுபோறதான்னு இருந்துட்டேன்."

பேப்பரைப் பிரித்தார். தோகை பேப்பரோடு ஒட்டிக்கொண்டு கிழிந்து வந்தது. கறுப்பு.

"பக்கத்துல நம்ம பழைய சோளம் நல்லாத்தான் இருக்கு. இது மட்டும் இப்படி ஆயிருச்சு. தட்டையை அறுத்து மாட்டுக்குப் போட்டேன். பசிச்சுக் கெடந்த மாடு, மோந்து பாத்துட்டு மூஞ்சியத் திருப்பிக்கிருச்சு."

"மருந்து அடிச்சீகளா பாய்?"

"அடிக்கல. இதுக்கு மருந்தே வேணாம் பாய், சும்மா விடுங்கன்னு தம்பி சொன்னுச்சு. அது சொன்னா சரியாத்தான் இருக்கும்னு விட்டுட்டேன்." கொஞ்சம் தயங்கினார். "தண்ணி காட்டுனது கூடிப்போச்சா, இல்ல விதைச்ச நேரம் தப்பான்னு தெரியல. தம்பி நம்பிக் குடுத்ததை நான் கெடுத்துட்டேனாம்மா?"

அவர் முகத்தில் நிஜமான சங்கடம் இருந்தது. பட்ட நஷ்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. செத்துப்போனவனுக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்ற முடியாத ஆள் மாதிரி, பேப்பரை நீவி நீவி மடித்துக்கொண்டு நின்றார்.

"நீங்க ஒண்ணும் தப்புப் பண்ணல பாய்" என்றாள் ஜெரினா. "இந்த ரகம் பேனைத் தாங்காது."

இத்தனை நாளும் அந்த வரிசையைப் பார்த்திருக்கிறாள், எழுதியிருக்கிறாள். வாய்விட்டு இப்போதுதான் சொன்னாள்.

"தம்பிக்குத் தெரியாதுல்ல?"

"தெரியாது."

"தெரிஞ்சா வந்து எனக்கு முந்தி அதுதான் வருத்தப்பட்டு நின்னிருக்கும்" என்றார் அல்லாபிச்சை. அவளுக்கு ஆறுதல் சொல்வதுபோல் சொல்லாமல், தெரிந்த விஷயத்தைச் சொல்வதுபோல் சொன்னார். டீ வாங்கித் தருகிறேன் என்றதற்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் பஸ்ஸுக்குப் போனார்.

ஜெரினா நேரே ஞானசேகர் அறைக்குப் போனாள். உட்காரச் சொன்னார், உட்காரவில்லை.

"பூச்சி சீராத்தான் பரவியிருக்கு சார். நான்தானே வச்சேன். பதினேழு தாங்கல. அப்படியே எழுதிடுங்க."

அவர் கம்ப்யூட்டரிலிருந்து கையை எடுத்தார். "அவன் பேரு நிக்கிறதுக்குன்னு இருக்கிறது இது ஒண்ணுதான்மா."

"பேரு நிக்கும் சார். ஊரு ஊருக்கு ஆனந்த் சோளம் கருகிப்போச்சுன்னு நிக்கும். மருந்தே வேணாம்னு நாம சொன்னா நம்பி விட்டுருவாக. ஒக்கூர்ல ஒருத்தர் விட்டிருக்காரு. இப்பத்தான் வந்துட்டுப் போறாரு. தன் தப்பான்னு கேட்டாரு."

மின்விசிறி கடகடவென்று சுற்றியது.

"அவங்க அம்மாகிட்ட நான் வாக்குக் குடுத்திருக்கேன்."

"அதை நான் சொல்லிக்கிறேன்."

"நீ அழுதுக்கிட்டே இதைச் சொல்லியிருந்தாக்கூட எனக்குக் கொஞ்சம் லேசா இருந்திருக்கும்" என்றார்.

"வரல சார்" என்றாள் அவள்.

அன்று சாயங்காலம் செபஸ்தியம்மாள் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். ஜெரினா கைப்பையைக்கூட வைக்காமல் எதிரில் உட்கார்ந்து சொன்னாள். சுற்றி வளைத்துச் சொல்ல அவளுக்குத் தெம்பில்லை. ரகம் அசுவினியைத் தாங்கவில்லை, வெளியிடப் போவதில்லை, பேரும் வைக்கப் போவதில்லை. எழுதச் சொன்னது நான்தான் என்றும் சொன்னாள்.

செபஸ்தியம்மாளுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது.

"ஞானசேகரு சரின்னாரா?"

"அவரு வேற மாதிரி எழுதலாம்னு பாத்தாரு. நான்தான் வேணாம்னுட்டேன்."

"மத்தவன் விடலாம்னு சொல்றான், கட்டுன நீ வேணாங்கிறியா?" கையில் இருந்த வெங்காயம் முறத்தில் விழுந்தது. "இந்த வீட்ல அவனுக்காக ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டியாடி நீ? எம்புள்ளைக்கு நீ விட்டது அந்தப் பூச்சி ஒண்ணுதான்!"

ஜெரினாவுக்கு அவள் சொன்னது சரியாகத்தான் பட்டது. எழுந்து கை கழுவி வந்து மீதி வெங்காயத்தை உரித்தாள். கண் எரிந்து நீர் வழிந்தது. செபஸ்தியம்மாள் அதைப் பார்த்துவிட்டு எழுந்து உள்ளே போய்விட்டாள்.

அதிலிருந்து வீட்டில் பேச்சு நின்றது. சமையல் நடந்தது, தட்டில் சோறு இருந்தது, ஜெரினாவின் டிபன் டப்பாவும் காலையில் கட்டித் தயாராக இருந்தது. ஆனால் செபஸ்தியம்மாள் எதுவாக இருந்தாலும் சுவரைப் பார்த்துத்தான் சொன்னாள். கேஸ் தீரப்போகுது. நாளைக்கு அவனுக்காகப் பூசைக்குக் குடுத்திருக்கு. இப்படி. ஜெரினாவுக்கு இதுவும் பெரிய வித்தியாசமாகத் தெரியவில்லை. பேசினபோதும் வார்த்தைகள் இந்தத் தூரத்திலிருந்துதான் வந்துகொண்டிருந்தன.

இதற்கிடையில் சென்னையில் நடந்த கூட்டத்தில் பதினேழைக் கைவிட்டார்கள். ஞானசேகர் உள்ளது உள்ளபடி எழுதியிருந்தார். வந்த பிறகு அவளிடம் முன்போல் பேசவில்லை, பகையும் காட்டவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜெரினா ஒக்கூருக்குப் போய் அல்லாபிச்சையின் வயலைப் பார்த்தாள். உழுது மடக்கிவிட்டார். பண்ணையில் பச்சை மாறாமல் நின்ற அந்த நாட்டுச்சோளத்தின் விதையைக் கொண்டுபோய்க் கொடுத்தாள். அவர் வாங்கிக்கொண்டு, "இதுக்கு மருந்து அடிக்கணுமா வேணாமாம்மா?" என்று கேட்டார். பேன் ஏறினால் தனக்குப் போன் பண்ணச் சொன்னாள். வேணாம் என்று சொல்ல வாய் வரவில்லை.

பொங்கல் கழிந்து ஒரு காலை, ஜெரினா செருப்பு மாட்டும்போது செபஸ்தியம்மாள் புடவை மாற்றிக்கொண்டு வந்து நின்றாள்.

"என்னையக் கூட்டிட்டுப் போயி அதைக் காட்டு."

"எதை அத்தை?"

"எம்மகன் செடிய."

காரைக்குடியில் இறங்கி பஸ் மாறும்போது ஜெரினா அவள் பையை வாங்கிக்கொண்டாள்.

வயலில் பதினேழாம் வரிசை அதற்குள் பாதி சாய்ந்திருந்தது. இத்தனை நாளும் யாரோ ஏதோ மறைக்கிறார்கள், இவ்வளவு மோசமாக இருக்காது என்றுதான் செபஸ்தியம்மாள் நம்பியிருந்தாள் போலிருக்கிறது. முதல் செடியைப் பார்த்தாள், இரண்டாவதைப் பார்த்தாள். ஒன்றாவது நன்றாக இருக்காதா என்பதுபோல் ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே கடைசிவரை போனாள். திரும்பி வரும்போது விரல்கள் கறுத்து ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. இன்னும் பச்சை மிச்சமிருந்த ஒரு தோகையை ஜெரினா திருப்பிக் காட்டினாள். செபஸ்தியம்மாள் குனிந்து பார்த்தாள்.

"இத்தினிக்கூண்டா?"

"ஆமா அத்தை."

"இதைத் தாங்க முடியலையா அவன் செடிக்கு?"

ஜெரினா தோகையை விட்டுவிட்டு நிமிர்ந்தாள். "இதைத் தூக்கிப் போட மாட்டோம் அத்தை. விதை வச்சிருக்கோம். இனிமே வருஷா வருஷம் சோதனைல இதை விதைப்போம்."

"கருகிப்போறதை எதுக்கு விதைக்கிறது?"

"பூச்சிக்கு ரொம்பப் பிடிச்ச செடி ஒண்ணு வயல்ல இருக்கணும். அது கருகுனாத்தான் பக்கத்துல பச்சையா நிக்கிறது நெசமாவே தாங்குச்சுன்னு தெரியும். போன வருஷம் அப்படி ஒண்ணும் கருகல. எல்லாம் நல்லா நின்னுச்சு. அதைப் பாத்துத்தான் அவரும் ஏமாந்தாரு, நானும் ஏமாந்தேன்."

"பேரு?"

"பேரு கிடையாது. பதினேழுதான்."

"வருஷா வருஷம் அவன் செடி முன்னாடி சாகணும்" என்றாள் செபஸ்தியம்மாள்.

"ஆமா."

செபஸ்தியம்மாள் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டாள். கையால் முகத்தைப் பொத்த முடியவில்லை, விரலெல்லாம் பிசுக்கு. அதனால் இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி வைத்துக்கொண்டு, மறைக்காமல், வாயைத் திறந்து அழுதாள். ஜெரினா பக்கத்தில் நின்றாள். என்ன செய்யவேண்டும் என்று தெரியவில்லை. பிறகு தண்ணீர் பாட்டிலைத் திறந்து கைக்குட்டையை நனைத்து, குத்த வைத்து உட்கார்ந்து, மாமியாரின் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்தாள். வெறும் தண்ணீரில் அது லேசில் போகாது. அழுத்தித் தேய்க்க வேண்டியிருந்தது.

செபஸ்தியம்மாள் கையை இழுத்துக்கொள்ளவில்லை. அழுகை ஓய்ந்து விம்மலான பிறகு, "யாரு விதைப்பா?" என்று கேட்டாள்.

"நான்தான்."

"பூச்சி வைக்கிறதும் நீதானா?"

"நான்தான் அத்தை."

செபஸ்தியம்மாள் தலையை ஆட்டினாள். சம்மதமா, சலிப்பா என்று சொல்ல முடியவில்லை. அங்குட்டு ஷெட்டிலிருந்து இவர்களைப் பார்த்துக்கொண்டிருந்த அக்கம்மாள் ஒரு வாளித் தண்ணீரும் சோப்புமாக வரப்பில் வந்தாள். "எந்திரிங்கம்மா, வெயில் ஏறுது" என்றாள். செபஸ்தியம்மாள் கையை ஊன்றி எழப் பார்த்தாள், முடியவில்லை. மருமகளின் தோளைப் பிடித்து எழுந்தாள். அந்தப் பிடி அழுத்தமாக இருந்தது. தோள்பட்டையில் வலித்தது. ஜெரினா அந்த வலியைக் கொஞ்ச நேரம் கவனித்துக்கொண்டு நின்றாள். பிறகு சோப்பை வாங்கினாள்.

"சாப்பாடு கொண்டாந்தியா?" என்றாள் செபஸ்தியம்மாள், சுவரைப் பார்க்காமல். அங்கே சுவரும் இல்லை.

"நீங்கதானே கட்டுனீக."

"ஒருத்திக்குத்தான் கட்டுனேன்."

"பத்தும் அத்தை" என்றாள் ஜெரினா.